பிடிலுக்கு விட்ட இடம்

அம்மா இறந்த பிறகு என்னை வீட்டில் தனியே விட மனமில்லாமல், அப்பா தாம் வேலைக்குப் போகும் இடத்துக்கே கூட்டிப்போவார். பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியார் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி அவர். பாடம் உள்ளே நடக்கும். நான் வராந்தாவில் கிடப்பேன். அங்கே என்னோடு பேச ஆளே கிடையாது. எட்டு வயதில் அது பெரிய தண்டனை.

பாடம் முடிந்ததும் துரை ஒரு மரக்குழலை எடுப்பார். நிறுத்தி வைத்தால் என்னைவிட உயரம். பசூன் என்று பெயராம். தொண்டை கட்டிய தாத்தா ஒருவர் கதை சொல்வது போலிருக்கும். சமையல்காரருக்கு அது ஆகவே ஆகாது. "தொரை ஊதப் போறாரு, மாட்டைச் சீக்கிரம் கறந்துரும் வே. பெறவு அது நிக்காது" என்று பால்காரரை விரட்டுவார்.

எனக்கோ அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பொழுது விடியும். துரை வாசித்தது எப்போதும் ஒரே உருப்படி. தனிக் குழலுக்கும் ஒரு பிடில் கூட்டத்துக்குமாக, இருநூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் யாரோ எழுதியதாம். பிடில் கூட்டத்துக்குத் திருநெல்வேலியில் எங்கே போவது? துரையின் மனைவி துரைசானி ஒருவரே அத்தனை பேருக்குமாகப் பிடில் வாசிப்பார். குழல் கொஞ்சம் பேசும், பிடில் பதில் சொல்லும். கேட்டுக் கேட்டு அந்தப் பதில்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் துரைசானி போய்விட்டார். தை பிறந்த பிறகுதான் குழல் மறுபடி கேட்டது. ஆனால் பிடிலின் இடம் வந்ததும் துரை ஊதாமல் நின்றார். காலால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு, பிடில் வாசித்து முடிக்கும் நேரம் வரை காத்திருந்துவிட்டுத் தம் பங்கைத் தொடர்ந்தார். தினமும் இதே கதை.

என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோவிலில் போதகர் ஐயர் ஒரு வசனம் வாசித்தால் அடுத்ததைச் சபையார் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காமல் நின்றால் அப்பா முழங்கையால் இடிப்பார். பதில் சொல்லாமல் ஒருவரை நிற்க வைப்பது பாவம் என்றே எனக்குப் பட்டது. ஒரு நாள் அந்த இடம் வந்ததும் ஜன்னலருகே போய் நின்று, பிடிலின் மெட்டை வாயால் பாடிவிட்டேன்.

துரை உள்ளே கூப்பிடுவார், தட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். குழல் தொடரவில்லை. பெட்டி மூடும் சத்தம்தான் கேட்டது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"தப்பாப் பாடிட்டேனாப்பா?"

"இல்லட்டி. சரியாத்தான் பாடுன. அதான்..." என்றவர் நடையை எட்டிப் போட்டார்.

சரியாகப் பாடியதற்கு யாராவது பெட்டியை மூடுவார்களா? என்னைத் தேற்றத்தான் அப்பா அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கோ ஒரு சுரம் பிசகியிருக்க வேண்டும். அதைத் திருத்திவிட்டால் துரை மறுபடி ஊதுவார். அந்தக் கோடை முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்து பிடிலின் பங்கைப் பாடிப் பாடிப் பழகினேன், ஜன்னல் வழியே அவருக்கு நன்றாகக் கேட்கும்படி.