அப்பா தூங்கும் நேரம்

இரவு வேலை முடித்த பிரகாசத்தைக் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் சூளகிரியில் இறக்கிவிடும். எட்டு மணிக்கு அவர் படுத்துவிட்டால் அந்த லைன் வீட்டின் ஒற்றை அறையில் இரவு தொடங்கிவிடும். மதியம் இரண்டு வரை குக்கர் விசில் கிடையாது, மிக்ஸி கிடையாது. கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிடாமலிருக்க அவர் மனைவி பவுலினா தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலில் நின்று கையை ஆட்டித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் மகள் ரூபி நான்கு வருடம் படித்தாள்.

எட்டாம் வகுப்பு வரை கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் கன்னடப் பள்ளி. அப்பாவுக்கு இந்தப் பக்கம், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் நிரந்தர இரவு வேலை கிடைத்துக் குடி மாறியபோது, இங்கிருந்த பள்ளியில் தமிழ் எழுதப் படிக்க வராத பெண்ணை இரண்டு வகுப்பு இறக்கிச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ரூபி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நான் வீட்லயே படிச்சுக்கறேன்.” ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அவளே திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தாள். ஆங்கிலத்தில் பாடப்புத்தகங்கள் தபாலில் வந்தன. ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து அதே பாடங்களைத் தமிழில் கேட்டாள். மறு காது அப்பா புரண்டு படுக்கிறாரா என்று கவனிக்க. உதடு அசையும், ஒலி வராது; அப்பா எழுந்த பிறகும் படிப்பு அப்படியே பழகிவிட்டது. பத்தும் பன்னிரண்டும் நல்ல மதிப்பெண்ணில் தேறினாள்.

செவ்வாய்க்கிழமை ஓசூரில் ஒரு கல்லூரிக்கு நேர்காணலுக்குத் தனியாகப் போனாள். இயற்பியல் துறைத் தலைவர் காவேரி சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“ஒரு கம்பியோட நீளத்த ரெண்டு மடங்கு ஆக்கினா மின்தடை என்னாகும்?”

ரூபிக்குத் தெரியும். கை தானாகப் பேனாவைத் தேடியது.

“எழுத வேணாம்மா. சொல்லு.”

வாய் திறந்தது. உதடு அசைந்தது. காவேரி முன்னால் சாய்ந்து, “என்ன?” என்றார். மூன்று முறை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மார்க் இருக்கு. ஆனா இங்க செமினார் எடுக்கணும், லேப்ல கேள்வி கேட்டா பதில் சொல்லணும். வெள்ளிக்கிழமை அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வா. அன்னைக்குப் பேசினா சீட்டு உனக்கு. இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த பேருக்குப் போயிடும்.”

புதன்கிழமை காலை ரூபி புத்தகத்தோடு நெடுஞ்சாலை ஓரத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்தம் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே இளநீர் விற்கும் நல்லுசாமி சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“யாரத் திட்ற பாப்பா? காயி சரியில்லன்னா நேர்ல சொல்லு.”

“பாடம் படிக்கறேன் மாமா.”

“இவ்ளோ கோவமாவா?”

சிக்னல் விழுந்து சாலை சட்டென்று அடங்கியது. அவள் குரலும் அதோடு நின்றது. நல்லுசாமி ஒருவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக்கூடச் சொல்ல முடியவில்லை. லாரி இரைச்சலில் ஆயிரம் முறை கத்தினாலும் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. எந்த இடத்தில் குரலை அடக்கப் பழகினாளோ, அங்கேதான் அதை எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை நண்பகல், பவுலினா ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு அடுக்கும் வேலை முடிந்து வந்து சேர்ந்தபோது, ரூபி அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா பாயில் குப்புறக் கிடந்தார்.

“ஒரு கம்பியின் நீளம் அதிகமானால்,” என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது.

பவுலினா பதறி உதட்டில் விரலை வைத்தாள். ரூபி அம்மாவைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரியை இன்னும் உரக்கச் சொன்னாள். அதற்கடுத்த வரியை அதைவிட உரக்க. ஒரு பாடம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. பிரகாசம் அசையவில்லை. பவுலினா பாயருகே குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். கடைசியில், வருவது வரட்டும் என்று குக்கரை அடுப்பில் ஏற்றினாள். நான்கு விசில் வந்தது.

இரண்டு மணிக்கு வழக்கம்போல எழுந்தவர், “என்னா, சோறு அதுக்குள்ள ஆயிடுச்சா?” என்றார்.

“ஏங்க, சத்தம் கேக்கலியா உங்களுக்கு?”

“என்னா சத்தம்?”

இருவரும் சொல்லி முடித்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“நானூறு டன் பிரஸ் பக்கத்துல, டீ பிரேக்குல பத்து நிமிசம் தூங்கி எழுந்திரிக்கறவன் நானு. எனக்கு விசில் ஒரு சத்தமா? நடுவுல கண்ணத் தொறந்தா ரெண்டு பேரும் சைகைதான். அம்மாவும் பொண்ணும் ஏதோ சண்ட, நாலு வருசமா பகல்ல பேசிக்கறதில்லன்னு இருந்தேன்.”

“கேக்கறதுதானே?”

“உங்க நடுவுல நான் எதுக்கு வர்றது?”

பவுலினாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரூபி சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு மூன்றாவது பாடத்தை எடுத்தாள். இருட்டும்வரை லைன் வீடுகள் அத்தனையும் மின்னியல் கேட்டன.

வெள்ளிக்கிழமை பிரகாசம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு மகளோடு ஓசூர் பஸ் ஏறினார். துறைத் தலைவர் அறையில் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் அவர் தலை தூக்கத்தில் சாய்ந்துவிட்டது. காவேரி அவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சரி. இன்னொரு கம்பிய ஒட்டாம, அதையே இழுத்து ரெண்டு மடங்கு நீளமாக்கினா?”

“மேடம், சத்தமாவே கேளுங்க,” என்றாள் ரூபி. “அப்பா எழுந்திரிக்க மாட்டாரு.”

பிறகு அதே குரலில் சொன்னாள்: “நாலு மடங்கு ஆகும் மேடம். நீளம் ரெண்டு மடங்கு ஆகும்போது, கம்பி மெலிஞ்சு குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாயிடும். ரெண்டும் சேந்து நாலு.” வராந்தாவில் காத்திருந்த பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஆறு கேள்விகள். ஒன்றுக்கு, “தெரியாது மேடம்,” என்றாள். அதையும் தெளிவாகவே சொன்னாள். காவேரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் திருப்பினார்.

“இங்க பெத்தவங்க கையெழுத்து வேணும். அப்பாவக் கூப்பிடு.”

ரூபி கூப்பிடவில்லை. எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துப் பலமாக உலுக்கினாள்.