சோற்றோடு கொடுத்த சூரணம்

என் கணவர் மெலிந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. நான் சோறே போடுவதில்லையாம். மூன்று வேளையும் ஊட்டாத குறையாகப் பரிமாறியவள் நான். சாப்பிட்ட சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்துவிடுவார். தின்றதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக வெளியே போகும். கக்கூஸைக் கழுவிய எனக்குத் தெரியும். பேசிய வாய்களுக்கு என்ன தெரியும்?

அந்த வாய்களில் பெரிய வாய் அவருடைய அண்ணனுடையது. கேரி தீவுத் தோட்டத்தில் கங்காணி. ஞாயிறு தவறாமல் வந்து, "நெய்ய நல்லா ஊத்தும்மா, கஞ்சத்தனம் பண்ணாத" என்பார். தம்பியைக் கள்ளுக்கடைக்கு முதன்முதலில் கூட்டிப்போன புண்ணியவானும் அவர்தான். நெய் ஊற்ற ஊற்ற என் கணவர் இன்னும் இளைத்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கமாகச் சொன்னார். குடியால் கணையம் கெட்டுவிட்டது, கொழுப்பைச் செரிக்கவைக்கும் நீர் சுரக்கவில்லை. கள்ளை விடவேண்டும், நெய்யைக் குறைக்கவேண்டும், ஒவ்வொரு வேளையும் சோற்றோடு ஒரு பொடி கொடுக்கவேண்டும். இல்லையென்றால் ஆள் தேறமாட்டார். பொடி பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான் ஒரு முட்டாள். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

"பன்னியா? நம்ம குடும்பத்துலயா?" பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினார். தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டையில் விழுந்தால் தொடைக்கறிக்கு முதலில் பாத்திரம் நீட்டுகிறவர் இவர். கறியாக வந்தால் தீட்டில்லை, தம்பிக்கு மருந்தாக வந்தால் தீட்டு. நல்ல ஆசாரம்!

மறுநாளே மறுபடியும் பொடி வாங்கிவந்து, பழைய சூரண டப்பாவில் போட்டேன். ஊரிலிருந்து கப்பலில் வந்த நாட்டு மருந்து என்று எல்லாரிடமும் சொன்னேன். கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"எதா இருந்தா என்ன, குடு" என்றார். உயிர் அவருடையதல்லவா?

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் தின்றது உடம்பில் ஒட்டியது; சில மாதங்களில் கன்னத்தில் சதை வைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் பார்த்துப் பூரித்துப்போனார். "நம்மூரு மருந்துன்னா சும்மாவா லா! எனக்கும் ரெண்டு நாளா வயிறு மந்தமா இருக்கும்மா, ஒரு சிட்டிகை குடு."

என் கணவர் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. நான் தேனில் குழைத்தே கொடுத்தேன். கங்காணியார் விரலிடுக்கைக்கூட விடாமல் நக்கினார்.