மாடு நுழையும் கோட்டை

அரச சேவையில் இருந்த காலம் முழுவதும் சனம் ஒளிந்துகொள்ளும் இடங்களுக்குப் பெயர் எழுதியே கை தேய்ந்தது. அவர்கள் பங்கர் என்றார்கள். நாங்கள் பதுங்குகுழி என்று எழுதினோம். அவர்கள் அகதி முகாம் என்றார்கள். மேலிடம் நலன்புரி நிலையம் என்று எழுதச் சொன்னது. பெயர் மாறிய பிறகும் கூரை பழையபடிதான் ஒழுகியது. ஓய்வுபெற்று நெடுந்தீவுக்குத் திரும்பியபோது, இனி இந்தச் சொற்கள் என்னை விட்டுவிடும் என்று நினைத்தேன்.

போன ஆடியில் மனைவியின் தங்கை வந்து வாசல் படலையடியில் நின்றாள்.

"அத்தான், ஒரு பிழை விட்டிட்டன்."

தொல்லியல் உத்தியோகத்தர் ஒருவர் வீதியில் அவளிடம் பழைய கோட்டைக்கு வழி கேட்டிருக்கிறார். வந்தவருக்கு உள்ளதெல்லாம் காட்டுவது எங்கள் தீவுப் பழக்கம். "எங்கட காணிக்குள்ளயும் ஒரு கோட்டை கிடக்கு, பாக்கிறீங்களோ?" என்று கூட்டிப்போயிருக்கிறாள். பார்த்தார், படம் எடுத்தார், அடுத்த கிழமை அளக்க வருவதாகச் சொல்லிப் போனார்.

அது சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிய வெறும் மாட்டு மதில். அவளுடைய நல்ல தண்ணீர்க் கிணறு அதற்கு உள்ளேதான். தொல்லியல் திணைக்களம் அதைச் சுற்றி எல்லைக்கல் நட்டால் மாடுகள் உள்ளே போக முடியாது. வெளியே உள்ள தண்ணீரெல்லாம் உவர்.

"அதை ஏன் கோட்டை எண்டனீர்?"

"ஷெல் அடிச்ச நேரம் அதுக்குப் பின்னாலதானே கிடந்தனாங்கள். பிறகு எப்பிடி மதில் எண்டுறது?"

இதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. ஆட்சேபணைக் கடிதம் எழுதிப் பிரதிகள் எடுத்துவைத்தேன்.

உத்தியோகத்தர் வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றுக்கும் படலைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஐயா, ஒல்லாந்தர் காலத்து வேலை போல கிடக்கு."

"கல்லு அதைவிடப் பழசு தம்பி. கடலில எடுத்தது."

கடிதத்தை நீட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அளந்தார். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் வைப்பேன்.

வெளியே மாடுகள் கத்தின. அவள் யாரையும் கேட்கவில்லை. இங்கே மதிலுக்குக் கதவு வைப்பதில்லை. மூலையில் கல்லைக் கல்லாக இறக்கினாள், மாடுகள் நுழைந்தன, திரும்ப அடுக்கினாள். மூலை ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது.

"அம்மா, அந்த மூலையைத்தானே அளந்தனான்."

"நாளைக்கு வேற மாதிரி இருக்கும் தம்பி. கையில வாற கல்லைத்தானே வைக்கிறது."

அவர் நாடாவைச் சுருட்டினார். "மேலிடத்துக்கு எழுதுறன், ஐயா."

இந்த வசனத்தை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் படகு வரும் நேரமெல்லாம் வீதியைப் பார்க்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, எல்லைக்கல்லும் வரவில்லை.

இனி மாட்டு மதில் என்றுதான் சொல்லவேண்டும் என்று அவளுக்குப் படிப்பித்து வைத்திருக்கிறேன். "ஓம் அத்தான்" என்கிறாள். அடுத்த மூச்சில் கன்றை விரட்டுகிறாள்: "போ, கோட்டைக்குள்ள போ."

நான் வீதியைத் திரும்பிப் பார்க்கிறேன், யாருக்காவது கேட்டதோ என்று.