வெள்ளைத் தொப்பிப் பெண்களும் எங்கள் பெரியண்ணையும்

பெரியண்ணையின் புத்தகத்துக்கு அட்டையாக ஒரு கோழிக்கால் இருந்தது. பலசரக்குக் கடைக்காரர் வாராவாரம் கதவடியில் போட்டுவிட்டுப் போகும் விளம்பரத் தாளை நேர்த்தியாக மடித்து, மூலைகளை உள்ளே செருகி, பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பிக்கு உறை போடுவதுபோலப் போட்டிருந்தார். ஒரு வாரம் கோழிக்கால், மறுவாரம் பூக்கோவா, அதற்கடுத்த வாரம் பாதி விலையில் சலவைத்தூள். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு அதுவும் பைக்குள் போகும். திரும்பி வந்ததும் சோபாவுக்கு அடியில் போகும். ஆள் போர்க்லிப்ட் ஓட்டும் சோதனைக்குப் படிக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். சோதனை மட்டும் வந்தபாடில்லை.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு அப்பார்ட்மென்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஓர் அறையில் அக்காவும் அத்தானும், மற்றதில் நான். வீட்டை வாடகைக்கு எடுத்த பெரியண்ணை ஹோலில் சோபாவில் படுத்தார். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணைதான் முதலில் தனியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, அக்காவைக் கூப்பிட்டு, அவளுக்குக் கலியாணம் செய்துவைத்து, பிறகு என்னையும் கூப்பிட்டவர். இவ்வளவும் செய்து முடித்து அவர் கண்ணாடியைப் பார்த்தபோது தலை பாதி நரைத்திருந்தது. உங்களுக்கு எப்போது என்று யாராவது கேட்டால், "இவள் கடைக்குட்டியின்ர அலுவல் முடியட்டும்" என்று என்னைக் காட்டுவார். எனக்குக் கேட்கவே எரிச்சலாக இருக்கும். இன்னொருவருடைய வாழ்க்கைக்குக் குறுக்கே போட்ட கட்டையாக இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள் அவருடைய பை நனைந்துவிட்டது. அண்ணை குளித்துக்கொண்டிருந்தார். புத்தகம் ஹீற்றருக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது. கோழிக்கால் ஊறிக் கழன்று விழ, உள்ளேயிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்தாள். கழுத்துவரை பூட்டிய நீலச் சட்டை, தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, பின்னால் கோதுமை வயலும் குதிரை வண்டியும். நான் சிரித்த சிரிப்பில் அண்ணை துவாயோடு ஓடிவந்துவிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அட்டையைப் பாத்துச் சிரியாதை. உள்ளுக்கு வாசிச்சுப்போட்டுச் சிரி" என்றார்.

வாசித்தேன். கீழ்த்தளத்தில் இருந்த சலவை அறைதான் என் வாசிகசாலை. ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவச் சனம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கார் வைத்திருப்பதில்லை, வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை, குதிரை வண்டியில் போய்த் தோட்டம் செய்து பிழைக்கிறவர்கள். அவர்களைப் பற்றிய காதல் கதைகள் அவை. நடுவில் சில புத்தகங்களில் தொப்பி இல்லாத நகரத்துப் பெண்களும் வந்தார்கள். புருஷனைப் பிரிந்து, ஏதோ ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பாண் சுட்டு விற்கும் கடை திறக்கிறவர்கள். முதல் புத்தகத்தை நக்கலடிக்கத்தான் வாசித்தேன். அவனும் அவளும் நேருக்கு நேர் பார்ப்பதற்கே நாற்பது பக்கம் போனது. பிறகு அவன் அவளுடைய வேலியைத் திருத்திக் கொடுத்தான், அவள் அவனுக்கு அப்பிள் போட்டு ஏதோ சுட்டுக் கொடுத்தாள். கையைப் பிடிப்பதற்குள் இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. ஆனால் மூன்றாவது புத்தகத்தில், பிள்ளையோடு ஒதுங்கி வாழ்ந்த ஒருத்தியின் களஞ்சியம் எரிந்துபோக, அவளோடு பேசாமல் விட்ட ஊர்ச் சனமெல்லாம் அதைத் திரும்பக் கட்டச் சுத்தியலோடு வந்து நின்ற இடத்தில், உடுப்பு உலர்த்தும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அதற்குப் பிறகு அண்ணையும் நானும் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். சமையலறையில் கோப்பை துடைத்தபடி, கதையில் வரும் தகப்பன் கிழவன் கலியாணத்துக்கு ஓம் என்பானா மாட்டானா என்று இரகசியமாக வாதாடுவோம். "உதுகளிலை ஒருத்தரும் கெட்டவை இல்லையடி பிள்ளை" என்பார் அண்ணை. "எல்லாம் பயந்த சனம். ஆர் என்ன சொல்லுமோ எண்டு பயந்து பயந்து இருந்து, கடைசியிலை ஒருக்காத் துணியினம். அந்த ஒருக்காத்தான் கதை." அவர் இதைச் சொல்லும்போது புத்தகத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். யார் அவருக்கு இவற்றைக் கொடுக்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் கட்டிடத்தில் கதவு கதவாகத் தட்டி ஜெபக் கூட்டத்துக்கு அழைக்கிறவர்கள் இருந்தார்கள். அண்ணை திடீரென்று "ரீவியை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிடுவம்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையை வாரி இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்வந்தார். இதெல்லாம் அக்காவின் மனதில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை சோபாவுக்கு அடியில் கூட்டியபோது ஒரு குவியல் அகப்பட்டது. உறைகளை உரித்துப் பார்த்தாள். முக்கால்வாசி அட்டைகளில் தொப்பி போட்ட பெண்கள். உள்ளே அதிகாரத்துக்கு அதிகாரம் தலைப்பில் வேத வசனம். அண்ணையைச் சேர்ச்சுக்காரர் மடக்கிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அண்ணை வேலையால் வந்தபோது விசாரணைக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. கோப்பி மேசையில் புத்தகக் குவியல், பக்கத்தில் விபூதித் தட்டு. அத்தான் ஒரு மூலையில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. எப்ப வேதத்துக்கு மாறினனீங்கள்?" என்றாள் அக்கா.

அண்ணை மேசையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "நான் ஒண்டுக்கும் மாறேல்லை. உதுகள் காதல் கதைப் புத்தகம்."

வேதப் புத்தகமாக இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். "இந்த வயசிலை காதல் கதையோ? ஆர் உங்களுக்கு உதுகளைத் தாறது?"

சிரிப்பு நின்றது. அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். பிறம்ரனில் அவர் வேலை செய்த வெயர்ஹவுசுக்கு வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒரு வான் ஆட்களை ஏற்றிப் போகும். அதில் மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் வானில் எல்லோரும் ரீச்சர் என்று கூப்பிட்டார்கள். இங்கே பெட்டிக்கு நாடா ஒட்டும் வேலை. கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. ஒரு மகள். இங்கிலீஷ் பழகுவதற்கு லேசான, வீட்டில் பிள்ளை கையில் எடுத்தாலும் வெட்கப்படத் தேவையில்லாத புத்தகங்கள் என்று அவற்றை வாசித்துவந்தார். ஒரு நாள் அண்ணை என்ன புத்தகம் என்று கேட்க, வாசித்து முடித்ததை நீட்டினார். வானில் வரும் பெடியங்களின் பகிடிக்குப் பயந்துதான் கோழிக்கால். வாசித்ததைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

"நான் ரீச்சரைக் கலியாணம் செய்ய விரும்புறன்" என்று அண்ணை விபூதித் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா கொதித்துப்போனாள். வேதக்காரி, பிள்ளையோடு இருப்பவர், சனம் என்ன கதைக்கும் என்று தொடங்கி, கடைசியில் என்னிடம் வந்தாள். "இவளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேள்விப்பட்டால் அந்த இடம் குழம்பாதோ?" எனக்கு அந்த இடமே வேண்டாம் என்றேன். "நீ வாயைப் பொத்து" என்றாள். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அடங்கிப்போவதை நான் கண்ணால் கண்டேன். "சரி, இவளின்ர அலுவல் முடியட்டும்" என்றார்.

அடுத்த நாள் முதல் அவருடைய பையில் சாப்பாட்டுப் பெட்டி மட்டும்தான் போனது. புத்தகங்களைத் திருப்பி எடுக்கவும் இல்லை. அவை கோப்பி மேசையிலேயே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருந்தார். சாப்பிடும்போது ரீவி ஓடியது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. அக்கா வென்றுவிட்டாள், ஆனால் அவள் முகத்திலும் சந்தோஷம் இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. யாரும் கேட்காத என் வாயால் பயனில்லை என்று தெரிந்தபிறகு நான் ஒரு சின்ன வேலை செய்தேன். குவியலின் அடியில் கிடந்த புத்தகம் ஒன்றை எடுத்து மேலே வைத்தேன். எது எதில் என்ன கதை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அத்தான் ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர். அச்சடித்த எதையும் விடமாட்டார். நான் நினைத்தபடியே அதைக் கையில் எடுத்தார். மாலையில் அக்கா சமைக்க, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். தாய் தகப்பன் இல்லாமல் தம்பி தங்கையை வளர்த்துவிட்ட ஓர் ஆமிஷ் தச்சனின் கதை. பக்கத்து ஊரிலிருந்து மகனோடு வந்து குடியேறிய விதவை ஒருத்திமேல் அவனுக்கு விருப்பம். முதல் நாள் அக்கா காதில் விழாததுபோல இருந்தாள். இரண்டாம் நாள், "உவையள் சாதகம் பாக்கிறேல்லையோ?" என்றாள். பிறகு, "அந்தக் குதிரைக்கு ஆர் புல்லுப் போடுறது?" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள், அத்தான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே "அவன் போய்க் கேட்டவனோ?" என்று நிற்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் கேட்கவில்லை. தச்சனின் தங்கை தடுத்துவிட்டாள். ஊர் என்ன சொல்லும், எங்கள் வீட்டுப் பெயர் என்ன ஆகும் என்று அவள் அழ, அவன் சரி என்று பட்டறைக்குத் திரும்பிப் போனான். அத்தான் இந்த இடத்தைச் சொன்னபோது அக்கா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். "உவளென்ன மனிசியோ?" என்று சீறினாள். "தமையன் உழைச்சுக் குடுக்கக் குடுக்கத் திண்டவளெல்லே? அந்தாள் வாழ்க்கையிலை ஒருக்காத் தனக்கெண்டு ஒண்டு கேட்டால் உவளுக்கு எங்கை நோகுது?"

சொல்லி முடிந்ததும் லீக்ஸ் வெட்டிய கை அப்படியே நின்றது. அத்தான் கெட்டிக்காரர், தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கத்தியை வைத்துவிட்டுக் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள். மிச்சத்தை வாசிக்கட்டுமா என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். "வேண்டாம்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, "ரீச்சர் எந்த பில்டிங்கிலை இருக்கிறா?" என்றாள். நான் ஏற்கெனவே விசாரித்துவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுச் சேலை கட்டி, அதற்கு மேல் குளிர் கோட்டும் கீழே பனிச் சப்பாத்தும் போட்டு, பயற்றம் பணியாரப் பெட்டியோடு நடந்தாள். கதவைத் திறந்த ரீச்சருக்கு நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். மகள் நிலத்தில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அக்கா கதிரை நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்தவள்போலச் சொன்னாள். "எனக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனது அண்ணைதான். எங்கட மனிசனுக்கு வேலை கேட்டு அலைஞ்சது அவர்தான். இவளைக் கூப்பிட இமிகிரேசன் கந்தோர் கந்தோராய்ப் போய்க் கேட்டதும் அவர்தான். அவருக்கெண்டு கேட்க இவ்வளவு நாளும் ஒருத்தரும் போகேல்லை. இண்டைக்கு நாங்கள் வந்திருக்கிறம், ரீச்சர்."

ரீச்சர் பணியாரப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் இருந்தது. "உங்கட அண்ணை என்னட்டை இன்னும் ஒண்டும் கேட்கேல்லையே, அக்கா" என்றார். "புத்தகம்தான் கேட்கிறவர். இப்ப கொஞ்ச நாளா அதுவும் இல்லை." அக்கா வாயைப் பிளந்தாள். எங்கள் வீட்டையே உலுக்கிப்போட்ட மனிதர் அந்த ஒரு வார்த்தையை உரிய இடத்தில் சொல்லியிருக்கவில்லை. உடனே எழுந்து ரீச்சரின் சமையலறைத் தொலைபேசியை எடுத்து, "அண்ணை, வெளிக்கிட்டு உடன இஞ்சை வாங்கோ" என்று சொல்லி, அவர் எங்கே என்று கேட்க முதல் வைத்துவிட்டு, பிறகு விலாசம் சொல்லத் திரும்ப எடுத்தாள். அண்ணைக்கு விலாசம் தேவைப்பட்டதாக நான் நினைக்கவில்லை.

அவர்கள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார்கள். கலியாணம் கோயிலில் ஒரு முறை, சேர்ச்சில் ஒரு முறை நடந்தது. என்னுடையதும் குழம்பவில்லை, மாப்பிள்ளை வீட்டார் ரீச்சரின் மீன் குழம்பைத்தான் இன்றைக்கும் கதைக்கிறார்கள். அண்ணை எழுபதைத் தாண்டிவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கி ஐபாட்டில் அதே மாதிரிக் கதைகளை வாசிக்கிறார், நானும் வாசிக்கிறேன். கடைசி அதிகாரத்தில் அவன் அவளிடம் கேட்கும் இடம் வரும். எழுதுகிறவர்கள் தவறாமல் அங்கே ஒரு வயலையும் மறைகிற சூரியனையும் கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு வயல் தெரிவதில்லை. கருவாடு பொரிக்கிற வாசத்தோடு ஒரு கொரிடோரும் திறந்த கதவும்தான் தெரியும்.

அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை போலும், அண்ணை மூச்சு வாங்க வந்து கால்மிதியில் நின்றார். கோட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. எங்களைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"ரீச்சர்" என்றார். "எனக்கு வயசு போட்டுது. கார் இல்லை. வீட்டிலை சோபாவிலைதான் படுக்கிறன். உங்களுக்கும் பிள்ளைக்கும் சம்மதமெண்டால்…"

ரீச்சர் மகளைப் பார்த்தார். அவள் பென்சிலை வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் வாசல்லை நிக்கிறியள்?" என்றார் ரீச்சர். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

அண்ணை குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. கடைசியில் அக்காதான் பட்டுச் சேலையோடு நிலத்தில் உட்கார்ந்து அதை அவிழ்த்துவிட்டாள்.