மலைக்கு அங்கிட்டுப் பெயர்

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த வருஷம், எங்கள் போடி ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நான் முதன்முதலாகத் தனியே வாசித்த சொல் என் பெயர்தான். அன்னாள். முழங்கால் உயரக் கல்லில் வெட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே எனக்குக் கல் நட்டுவிட்டார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அது நான் பிறக்குமுன்பே காய்ச்சலில் போன அக்காள் என்றார் ஐயா, என் அப்பா. போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டில் நானும் அன்னாள்தான். ஆனால் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட அம்மா யாரையும் விடவில்லை. ஏலக்காய் வாங்க மலையேறிப் போய்வரும் ஐயாவிடமிருந்து அன்னம்மா என்ற மலையாளத்துப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் தேடி வந்தாலும் அந்தப் பெயரில் என்னைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவள் நினைப்பு.

ஐயா சிரிப்பார். "எபிரெயத்துல ஹன்னா, கிரேக்கத்துல அன்னா, வெள்ளைக்காரக சொன்னா ஆன், நமக்கு அன்னாள், மலைக்கு அங்கிட்டு அன்னம்மா. எல்லாம் ஒரே பேருதான் தாயி." அம்மா சிரிக்கமாட்டாள்.

அந்த ஐப்பசியில் எனக்கும் காய்ச்சல் கண்டது. ஐயா மலையில் இருந்தார். உச்சிவேளையில் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, கொல்லையிலிருந்து ஒரு பெண்பிள்ளைக் குரல் ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டது. ஒற்றைக் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர் என்று ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். காய்ச்சல் மயக்கத்தில் நான் "ஏன்" என்று கேட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தால் யாருமில்லை. வாழை இலைகூட அசையவில்லை.

குடத்தோடு வந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா?"

"அன்னம்மான்னு."

குடத்தை இறக்கவும் மறந்து நின்றாள். பிறகு கொல்லைக் கதவை விரியத் திறந்து, வெறும் வெயிலைப் பார்த்து, எனக்குச் சோறூட்டுகிற குரலில் சொன்னாள்: "பெரியவளே, இவ இருக்கட்டும் ஆத்தா. நான் வாரேன்."

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் விட்டது. அம்மா படுத்தாள்.

எனக்கோ கோபம். அக்காளைப் பார்க்கப் போகிறவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? ஐயா இறங்கி வருவதற்கு முதல் நாள், படுக்கையிலிருந்து அம்மா "அன்னாள்" என்று கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டாள். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, நான் ஏனென்று கேட்கவில்லை. அக்காளைத்தான் கூப்பிடுகிறாள் என்பதில் அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.