பூஜையில் வைத்த பயில்வான்கள்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் சுமோ மல்யுத்தம் பற்றிய பழைய ஜப்பானியப் புத்தகங்களைச் சேகரித்தவன் நான் ஒருவன்தான். போட்டிக்கு ஆள் இல்லாததால் முதலிடம் எனக்கே. சேகரிப்பு என்பதும் கொஞ்சம் அதிகப்படிதான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம்.

கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்கு ரசீது எழுதும் உத்தியோகம். சங்க வேலையாக மதராஸ் போனபோது, நடைபாதைக் கடை ஒன்றில் ரேடியோ ரிப்பேர் புத்தகங்களுக்கு அடியில் அது கிடந்தது. நீல அட்டை, நூல் தையல். உள்ளே மரப்பலகையில் செதுக்கி, மை தடவி ஒற்றியெடுத்த படங்கள். உச்சிக் குடுமியும் இடுப்புப் பட்டையும் தவிர வேறொன்றும் அணியாத, மலை மாதிரி மனிதர்கள். பக்கத்தைத் தடவினால் கோடுகள் விரலில் தட்டும். ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னாலே முதுகைப் பிடித்துக்கொள்ளும் எனக்கு அவர்களைப் பார்த்ததும் வீரம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நம் வழக்கப்படி இடப்பக்கமிருந்து புரட்டினேன். விழுந்து கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று, முறைத்துப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என்ன நாகரிகமான விளையாட்டு என்று ஒரு வாரம் வியந்தேன். பிறகுதான் அதை வலப்பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று உறைத்தது.

அப்படிப் படித்ததில் வேறு வம்பு. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் கைகோத்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் பூதம். இன்னொருவன், பூதத்தோடு ஒப்பிட்டால், ஒல்லி. விசிறியோடு நடுவர் குனிந்து பார்க்கிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது.

"குண்டன்தான் ஜெயிப்பான்" என்றேன் என் மனைவியிடம்.

"ஒல்லியா கீறானே, அவன்தான். மூஞ்சிய பாருங்க, வூட்ல சொல்லிட்டு வந்தவன் மாதிரி கீது."

இந்த வழக்கு எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு இரண்டாம் பாகத்தில் இருக்கும் என்று நம்பினோம். அது மதராஸில், கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பிரம்மச்சாரியிடம் இருப்பதாக அந்தக் கடைக்காரரே சொன்னார். தேடிப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மடிச்ச தாளை பிளேடு போட்டுக் கிழிச்சுட்டியா?" ஒவ்வொரு தாளும் இரண்டாக மடித்த தாள், வெட்டாத புத்தகம் என்று நினைத்து வெட்டினால் போச்சு. இல்லை என்றதும்தான் உட்காரச் சொன்னார். புத்தகத்தின் அட்டையை மட்டும் தூரத்தில் காட்டினார். அவருக்கு என் முதல் பாகம் வேண்டும். எனக்கு அவருடைய இரண்டாம் பாகம். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், ஆயுத பூஜை லீவில் நேரில் வந்து என் பிரதியைப் பார்ப்பதாகச் சொன்னார்.

பட்டுத்துணியில் சுற்றிய பாகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும், "எங்கே?" என்றார்.

என் மனைவி பூஜை மூலையைக் காட்டினாள். என் பயில்வான் புத்தகமும் வீட்டிலிருந்த மற்றப் புத்தகங்களும் வேட்டியால் மூடிக் கிடந்தன. பக்கத்தில் அரிவாள்மணை, சைக்கிள் ஸ்பானர். "நாளைக்கு மறுபூசை ஆனப்புறம்தான் எடுப்போங்க ஐயா."

"இதுக்காக மதராஸ்லேர்ந்து வந்திருக்கேன்மா!"

"சாமி கிட்ட வெச்சத எப்படி எடுக்கறது? மொதல்ல சாப்பிடுங்க."

வடையும் பாயசமும் அவரைக் கொஞ்சம் இளக்கின. கை கழுவி, துடைத்து, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஒண்ணு உள்ள கீது, ஒண்ணு பையில கீது. நல்ல நாளும் அதுவுமா அதையும் வெச்சிடுங்களேன்."

அவர் விபூதிப் பட்டை அழியாத மனிதர். சரஸ்வதி விஷயத்தில் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "மஞ்சள், குங்குமம், சந்தனம் எதுவும் மேலே படக்கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் உறைத்தது, இனி அதையும் நாளை வரை எடுக்க முடியாது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வெறும் பட்டுத்துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

மறுநாள் வேட்டியை விலக்கினேன். இரண்டாம் பாகத்தின் நான்கு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள்.

"அவர்தான் வேணாம்னு சொன்னாரே!"

"அவரு சொன்னாருன்னா? புதுசா வூட்டுக்கு வந்ததுக்கு மஞ்சா வெக்காம வுடுவாங்களா? கல்யாணப் பத்திரிகைக்கு வெக்கல?"

பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஆசை ஜெயித்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, வலப்பக்கமிருந்து திறந்தோம். முதல் பக்கத்தில் குண்டனும் ஒல்லியும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று, மரக் கரண்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் யாரும் விழாவிட்டால் நடுவில் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார்களாம், பின்னால் அவர் சொன்னார். அடுத்த பக்கத்திலிருந்து வேறு ஜோடிகள். எங்கள் குண்டனையும் ஒல்லியையும் கடைசிவரை காணவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். மஞ்சளை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். என் பாகத்தைக் கேட்டு வாங்கி, அதன் மூலைகளிலும் பழைய மஞ்சளைப் பார்த்தார்.

"இனிமே இதை நான் வெச்சிருந்தா தினம் இந்த மஞ்சளைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். நீயே வெச்சுக்கோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணாவது பாகம் ஒண்ணு இருக்கு தம்பி. நானும் பாதி ஆயுசா தேடறேன்."

அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவர் வந்தார், வடைக்கும் பயில்வான்களுக்கும். கடைசியாக வந்தபோது பஸ் படி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் பாகம் எங்கள் மூன்று பேருக்கும் கிடைக்கவே இல்லை.

இப்போதும் பூஜைக்கு எடுக்கும்போது அவர்கள் தண்ணீர் குடிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். மஞ்சள் பழுப்பாகிவிட்டது. "இன்னும் தீர்ப்பு வரவில்லையே" என்று நான் அலுத்துக்கொண்டால் என் மனைவி சந்தனம் அரைத்தபடியே சொல்வாள்.

"தண்ணி குடிச்சிக்கினு கீறாங்க இல்ல. குடிச்சி முடிக்கட்டும். இப்ப இன்னா அவசரம்?"