முடியைத் திறக்காதீர்கள்

காலையில் கைத்தொலைபேசியில் கவிதா அனுப்பிய செய்தி வந்தது. கவிதா, இராஜேஸ்வரி டீச்சரின் தங்கை மகள். கோலாலம்பூர்ப் பக்கம் செராசில் இருப்பவர். எப்போதும் பேசித்தான் அனுப்புவார். அன்று தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அங்கிள், பெரியம்மா விடியற்காலையில் தவறிவிட்டார்."

தவறு என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். என் தாள்களில் டீச்சர் அடிக்கடி எழுதிய சொல் அதுதான். அதனால், டீச்சர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றுதான் முதலில் படித்தேன். டீச்சராவது தவறாவது என்று சிரிப்புக்கூட வந்தது. மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை வாய்விட்டுக் கூட்டினேன். காதில் விழுந்த பிறகுதான் புரிந்தது. இதுவரை சாவுச் செய்திகளை யாராவது வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நானே படித்த முதல் சாவுச் செய்தி என் டீச்சருடையது.

அந்த நேரம் என் முன்னால் பாதி எழுதிய தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி டீச்சர் கேட்டிருந்தார். அவர் அதைப் படித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்த ஆசை. அந்தப் பக்கத்தைத்தான் இப்போது முடிக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் டீச்சரிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் படித்தது கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில், அவர் வீட்டுக் கார் போர்ச்சில். துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்ந்த எனக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. டீச்சர் என்னைவிட இளையவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர். நரைத்த கூந்தலை எப்போதும் பெரிய கொண்டையாகப் போட்டிருப்பார்.

ஒரு நாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பிய அவருடைய பழைய காரின் முன்பக்கம் புகைந்தது. இறங்கி, பானெட்டைத் தூக்கி, கைத்துணியோடு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். நான் வாசலிலிருந்து கத்தினேன்.

"டீச்சர்! மூடிய தொறக்காதீங்க!"

"ஏண்ணே, வெடிச்சிருமா?"

"வெடிக்காது. கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்."

"அதுக்குப் பேரு வெடிக்கிறது இல்லாம வேற என்னவாம்?"

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து மூடியைத் திறந்தோம். உள்ளே தண்ணீர் இல்லை. ஊற்றினால் இறங்கிக்கொண்டே போனது. எங்கே ஒழுகுகிறது என்று மேலே தேடினால் கிடைக்காது. கீழே தாளை விரித்துவிட்டால் விழுகிற துளியே காட்டிக்கொடுக்கும். பழைய தமிழ்ப் பேப்பரைக் காருக்கு அடியில் விரித்தேன். டீச்சர் ஒரு கூலன்ட் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதுல தண்ணி கலக்கணுமா, அப்படியே ஊத்தணுமா? என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணே."

"கண்ணாடி எடுத்துட்டு வரல டீச்சர்."

"நெத்தியில இருக்கே."

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு புட்டியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் மெதுவாக அதை வாங்கி, அவரே படித்துச் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குனிந்து பேப்பரைக் காட்டினார்.

"துளி எங்க விழுந்திருக்கு?"

"ஹோஸ் வாய்க்கு நேரா."

"அது சரி. எந்த எழுத்து மேல?"

"தெரியாது டீச்சர்" என்றேன். லோரி ஓட்டிய காலமெல்லாம் சாலைப் பலகைகளைப் படங்களாகத்தான் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான்.

"அது 'ம'. சொல்லுங்க பாப்போம்."

"ம."

"பரவால்லையே, வண்டியே உங்களுக்குப் பாடம் எடுக்குதுலா!"

அப்படித்தான் தொடங்கியது. ஹோஸை மாற்றினேன். ரேடியேட்டரின் மேல் விளிம்பில் கசிந்தது. அதை அடைத்தேன். பம்ப்பில் சொட்டியது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றாடி சுற்றுகிறதா என்று பார்த்து, அணைத்து, ஆறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இன்ஜின் ஆறுகிற நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம்.

"உண்மைய சொல்லுங்கண்ணே. கார் சரியாயிட்டா பாடம் நின்னுரும்னு ஒழுகல விட்டு வச்சிருக்கீங்களா?"

"நா ஒரு எடத்த அடச்சா, அது வேற எடத்துல ஒழுகுது டீச்சர்."

"உங்க எழுத்து மாதிரியேதான். 'ல'வ அடச்சா 'ள' ஒழுகுது."

எழுத்துகள் சொற்களாகச் சேர்ந்த அந்த நாட்களின் மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடைப்பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே கிள்ளான் வீதியில் நடந்தேன். எத்தனையோ வருடம் தேநீர் குடித்த கடையின் பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கார் ஒழுகாமல் நின்ற நாளில் நானாக ஒரு வாக்கியம் எழுதி, காருக்குள் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டினேன். "சூடாக இருக்கும்போது முடியைத் திறக்காதீர்கள்." டீச்சர் படித்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அண்ணே, என் கொண்டைய யாரு வந்து தொறக்கப் போறா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். "இது மு. இப்படிச் சுழிச்சாத்தான் மூ. ஒரு சுழிய விட்டுட்டீங்க, மூடி முடியாயிருச்சு."

கிழித்துவிட்டு வேறு எழுதப் போனேன். விடவில்லை. "இருக்கட்டும். இதப் படிச்சவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்" என்றார்.

அடுத்த ஆண்டு அவருக்கு நோய் வந்தது. சிகிச்சை கோலாலம்பூரில். அழைத்துப்போகக் கவிதா வருவதாகச் சொன்னார். டீச்சர் கேட்கவில்லை. "அண்ணே அடச்ச வண்டி இருக்கு. அதுலயே போயிக்கிறேன்" என்றார். நான் ஓட்டினேன். திரும்பும்போது, தெம்பு இருந்தால், பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தச் சொல்லி இட்லி கேட்பார். பாதிதான் சாப்பிடுவார். கூந்தல் கொட்டிப்போயிற்று. தலையில் துணி கட்டிக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் சுங்கை வே பக்கம் வண்டிகள் நகராமல் நின்றன. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஏர்கோனை அணைத்தேன். பிறகும் ஏறியது. இந்த ஊர் வெயிலில் யாரும் தொடாத ஹீட்டர் அந்தப் பழைய காரில் இருந்தது. அதைப் போட்டால் இன்ஜின் சூடு காருக்குள் வரும், முள் இறங்கும். ஆனால் நோயாளியை வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? தயங்கினேன்.

"என்னாண்ணே?"

சொன்னேன்.

"போடுங்க. கார் நின்னுட்டா என்னைய யாரு தூக்கிட்டுப் போறது?"

கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். அனல் அடித்தது. டீச்சர் முகமெல்லாம் வேர்த்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் நான் ஒட்டிய தாளைப் பார்த்தார். பிறகு தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பேச்ச மீறிட்டேண்ணே. சூடா இருக்கும்போது முடிய தொறந்துட்டேன்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது சாலை கலங்கியது.

"அழாதீங்கண்ணே. தண்ணி கொறஞ்சா நீங்களும் சூடாயிருவீங்க."

முள் மெல்ல இறங்கியது.

சிகிச்சை இனிப் பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள். கவிதா அவரைச் செராசுக்கு அழைத்துக்கொண்டார். கார்ச் சாவியை என் கையில் கொடுத்தபோது டீச்சர் சொன்னது: "வீட்டுப்பாடம். ஒரு பக்கம். கார் ஒழுகுன கதைய எழுதிக்கிட்டு வாங்க. செகப்புப் பேனாவ நா எடுத்துட்டுப் போறேன்."

எனக்கு ஒரு வரி எழுத ஒரு காலைப் பொழுது வேண்டும். பாதிப் பக்கம் வந்தபோது கவிதாவின் செய்தி வந்துவிட்டது.

அந்தக் காரிலேயே செராசுக்குப் போனேன். முள் நடுவில் நின்றது; வழியெல்லாம் ஆடவில்லை. பெட்டியில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். சிகிச்சையை நிறுத்திய பிறகு தலையில் முடி முளைத்திருந்தது, விரல் நுனி அளவுக்கு.

"அங்கிள், பூ நிக்க மாட்டேங்குது" என்றார் கவிதா. மல்லிகையைத் தலைக்குப் பின்னால் வைக்க, டீச்சரின் தலையைக் கொஞ்சம் தூக்கினார். நான் தலைமாட்டில் நின்றேன். வெள்ளை முடி உச்சியில் வட்டமாகச் சுற்றி முளைத்திருந்தது. பெரிய கொண்டைக்குள் இத்தனை நாளும் தெரியாமலிருந்த சுழி. நான் விட்டுவிட்ட சுழி அங்கே இருந்தது.

பிறகு பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தார்கள். டீச்சரிடம் நான் பேசிய முதல் பேச்சு, மூடியைத் திறக்காதீர்கள் என்பது. அன்று அதற்கு நேர்மாறாகக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட பக்கம் இதுதான். ஒன்றுக்கு மேலே போய்விட்டது. மூடி என்று வரும் இடங்களில் எல்லாம் சுழித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். காரில் ஒட்டிய தாளை மட்டும் திருத்தவில்லை. போய் வாருங்கள்.